இல்லன்னா என்ன பண்ணுவீங்க?

எங்கள் பக்கம் யாரும் யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை. மளிகைக் கடையில் பெருங்காயம் கேளுங்கள். இருக்காது. ஆனால் கடைக்காரர் இல்லை என்று சொல்லமாட்டார், "நாளைக்கு வந்துரும்" என்பார். தையல்காரர் "வெள்ளிக்கெழமை வாங்க" என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்று நாமும் கேட்பதில்லை. வீட்டில் அரிசி தீர்ந்துபோனால்கூட "அரிசி வாங்கணும்" என்பார்களே தவிர, இல்லை என்ற சொல் வாயில் வரக் கூடாது. வந்தால் வீடு விளங்காதாம். காரைக்கால் முழுக்க இப்படித்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். கோவில்பத்தில் எங்கள் தெரு இப்படித்தான். நானும் இப்படித்தான்.

இந்த லட்சணத்தில், வாயைத் திறந்தால் இல்லை என்கிற ஓர் அம்மாவோடு இரண்டரை வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னைக் கேட்டீங்களா? இல்லன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று போன் வரும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் ஆறு பேர், நாலு மின்விசிறி, அதில் ஓடுவது மூன்று. நாங்கள் செய்தது மீன்பிடிப் படகில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டி. கரையிலிருந்து ரேடியோவில் வரும் வானிலை எச்சரிக்கையை அது வாங்கும், திரையில் காட்டும், ஊதல் ஊதும், பக்கத்துப் படகில் இருக்கும் பெட்டிக்கும் தள்ளிவிடும். செல்போன் சிக்னல் எட்டாத தூரத்திலும் வேலை செய்யும். அதற்குள் ஓடும் புரோகிராமை சி மொழியில் எழுதினோம். எழுதினோம் என்றால், பெரும்பாலும் நான் எழுதினேன். அந்த அம்மா வரும்வரை அங்கே நான் வைத்ததுதான் சட்டம்.

வேலைக்கு ஆள் எடுத்தபோது நேர்முகம் நடத்தியதும் நான்தான். எதிரே வந்து உட்கார்ந்தவருக்கு என் வயசுதான் இருக்கும். (நாலு மாதம் மூத்தவர் என்று பிறகு தெரிந்தது. தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.) ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டேன்.

"ஒரு செய்தி வருது. அதுக்கு மெமரியில எடம் வாங்கி, அதுல எழுதி வைக்கணும். எப்படி எழுதுவீங்க?"

பேனாவைத் தொடவே இல்லை.

"எடம் இல்லன்னு சொல்லிட்டா?"

"யாரு?"

"மெஷினுதான் சார். அதுக்கிட்டதான எடம் கேக்குறோம். இல்லன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க?"

"அதெல்லாம் குடுக்கும்மா."

"குடுக்கலன்னா?"

யார் யாரை நேர்முகம் எடுக்கிறார்கள் என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எரிச்சலை அடக்கிக்கொண்டு, "சரிங்க, தகவல் சொல்றோம்" என்றேன். நாகரிகமுள்ளவர்கள் இந்த வார்த்தைக்கு எழுந்து போய்விடுவார்கள். இவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன தகவல் சார்?"

"அதான்... பாத்துட்டு..."

"வேலை இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. ரெண்டேகால் அம்பகரத்தூர் பஸ்ஸைப் புடிச்சா வீட்டுலயே போயி சாப்ட்டுக்குவேன்."

முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "திங்கக்கெழமை வந்துடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் வேலைக்குச் சேர்ந்த கதை இவ்வளவுதான். ஆளைப் பார்த்ததும் திறமையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று கம்பெனியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதை நானும் மறுக்கவில்லை.

கீழே டீக்கடையில் முதல் வாரமே தகராறு. காலையில் போணி ஆகிற நேரம். இந்த அம்மா படியிறங்கிப் போய், "அண்ணே, மூணு டீ. பால் இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார். டீ மாஸ்டருக்கு வந்ததே கோபம்.

"யம்மா, காலங்காத்தால வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

"பால் இருக்குல்ல? அப்புறம் எதுக்குண்ணே கோவம்?"

"இருக்கு! அதை ஏன் இல்லன்னு ஆரம்பிக்கிற?"

பத்து நாள் கழித்துப் பார்த்தால், இந்த அம்மாவின் தலை மாடிப்படியில் தெரிந்ததுமே அந்த மனிதர் கடைக்குள்ளிருந்து "பால் இருக்கு! பால் இருக்கு!" என்று கத்துவார். தெருவே சிரிக்கும். இந்த அம்மாவும் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

எங்கிருந்து வந்தது இந்தக் குணம் என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அவருக்கு அம்பகரத்தூர்ப் பக்கம் வயல். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை. "தண்ணி வருது வருதும்பாங்க. வந்தா வரட்டும் சார். எங்கப்பா நாத்து விடும்போதே, வரலன்னா தெளிக்கறதுக்கு உளுந்தும் எடுத்து வச்சிடுவாரு. இல்லன்னு சொன்னா எங்களுக்கு வலிக்காது. வரும் வரும்னு இழுத்தடிப்பாங்க பாருங்க, அதுலதான் நாத்து கருகும்" என்றார். சொல்லிவிட்டு என் திரையைப் பார்த்து, "இந்த வரியில எடம் கெடைக்கலன்னா?" என்று ஆரம்பித்துவிட்டார். இரக்கப்படக்கூட விடமாட்டார்.

எங்கள் பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். ஒரு செய்தி வந்தால் அதைத் திரைக்காரன், ஊதல்காரன், பக்கத்துப் படகுக்குத் தள்ளுகிறவன் என்று மூன்று பேர் பயன்படுத்துவார்கள். மூவரும் புரோகிராமின் பாகங்கள்தான், நாங்கள்தான் ஆள்போலப் பேசிக்கொள்வோம். எடுக்கிறவன் ஒவ்வொருவனும் அந்தச் செய்தியின் தலையில் இருக்கும் எண்ணில் ஒன்றைக் கூட்ட வேண்டும். வேலை முடிந்து கீழே வைக்கும்போது ஒன்றைக் குறைக்க வேண்டும். எண் பூஜ்யமானால் இனி அது யாருக்கும் வேண்டாம் என்று அர்த்தம். அந்த இடத்தைத் துடைத்து அடுத்த செய்திக்குக் கொடுத்துவிடலாம். கூட்டாமல் குறைத்தால், ஒருவன் படுத்திருக்கும்போதே அடியிலிருந்து பாயை உருவின கதையாகும். கூட்டிவிட்டுக் குறைக்க மறந்தாலோ, அந்த இடம் என்றைக்குமே காலியாகாது.

நல்ல நாளில் எல்லாரும் ஒழுங்காகத்தான் கூட்டுவார்கள், குறைப்பார்கள். பாதி வேலையில் மெஷின் கையை விரித்துவிட்டால்தான் வினை. நம் ஆட்கள் எடுத்தவற்றைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். அந்த அம்மாவின் கண் நேரே அங்கேதான் போகும்.

"கையில என்னென்ன வச்சிருந்தீங்க? கடைசியா எடுத்ததை மொதல்ல வைங்க. அப்புறம் அதுக்கு முன்னாடி எடுத்தது. எடுக்காததை வைக்காதீங்க. எல்லாத்தையும் வச்சிட்டு, அப்புறம் வெளிய போயி இல்லன்னு சொல்லுங்க."

தினமும் இதே பாட்டு. நான் ஒருமுறை, இருக்கிற சின்ன இடத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தேன். வருகிற பதிலை, பழைய முகவரியை எழுதிவைத்த அதே இடத்தில் எழுதிவிட்டேன். புது இடம் கிடைக்கவில்லை என்றால் பழைய முகவரியும் போச்சு. இதில் என்ன தவறு என்று எனக்கே அப்போது உறைக்கவில்லை.

"சார், செவ்வாக்கெழமையில அம்பகரத்தூர் பஸ்ல ஏறியிருக்கீங்களா? கோயில் கூட்டம்."

"ஏன்?"

"முன்னாடி சன்னல் சீட்டு காலியாவுற மாதிரி இருக்குன்னு, உக்காந்திருக்கற சீட்டை விட்டுட்டு எந்திரிச்சிப் போவீங்களா? ஆளை அனுப்பித் துண்டைப் போடச் சொல்லுங்க. அது கெடைச்சப்புறம் இதை விடுங்க."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் வரியைத் திருத்தினேன். புது இடத்தை வேறொரு பெயரில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பழையதை விடுவது என்ற பழக்கம் அன்றைக்கு வந்தது. இன்றுவரை போகவில்லை.

பேச்சோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒரு சின்னப் புரோகிராமும் எழுதினார். அது எங்கள் புரோகிராமுக்கும் மெஷினுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் ஓட்டத்தில், முதன்முதலாக இடம் கேட்கும்போது இல்லை என்று சொல்லும். அடுத்த ஓட்டத்தில் முதலாவதுக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதுக்கு இல்லை என்று சொல்லும். அப்புறம் மூன்றாவதுக்கு. இப்படியே ஒவ்வொன்றாக, ஒருமுறைகூட மறுக்காமல் முழுதாக ஓடி முடிகிறவரை போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எவன் எதைக் கீழே வைக்க மறந்தான் என்று பட்டியல் வரும். பட்டியலில் பாதி என் எழுத்து.

இதை மெஷினோடு விட்டாரா? ஒருநாள் காலையில் வந்ததுமே, "சார், இன்னிக்கு நீங்க எங்கிட்ட கேக்குற நாலாவது விஷயத்துக்கு இல்லன்னு சொல்லுவேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். பேனா கேட்டேன், கொடுத்தார். ஒரு சந்தேகம் கேட்டேன், தீர்த்துவைத்தார். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன், சாத்தினார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் வெறும் தயிர்சாதம். "கொஞ்சம் அந்த மாங்கா தொக்கு..." என்றேன்.

"இல்ல."

"என்னது?"

"நாலு."

கண்ணெதிரே பாட்டில் நிறையத் தொக்கு. எண்ணெய் மிதக்கிறது. ஒரு ஸ்பூன்கூடத் தரவில்லை! சாயங்காலம் வரை நான் அவரோடு பேசவில்லை. ஐந்து மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "காலையிலயே சொன்னேன்ல சார்? தெரிஞ்சிருந்தும் ஒரு ஊறுகா பொட்டலம் வாங்கி வச்சுக்கல. இல்லன்னதும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க. மத்தியானத்துலேருந்து ஒரு வேலை ஓடல. உங்க புரோகிராமும் இப்படித்தான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மிச்சத் தொக்கைப் பாட்டிலோடு என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அந்த அம்மாமேல் எனக்குக் கோபமா பிரியமா என்று கேட்டால், அன்று ராத்திரி தோசைக்குத் தொட்டுக்கொண்டது அந்தத் தொக்குதான்.

இனி என் மானம் போன கதைக்கு வருகிறேன்.

எங்கள் பெட்டியின் புரோகிராமில் ஒரே ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலைக்கென்று எழுதின துண்டை, மட்டும் யாரும் தொடக் கூடாது என்று நான் உத்தரவு போட்டிருந்தேன். செய்திக்கு இடம் வாங்கித் தருகிற ஃபங்ஷன் அது. என் செல்லப் பிள்ளை. மற்ற ஃபங்ஷன்கள் எல்லாம் இடம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லும், இது மட்டும் சொல்லாது. அதில்தான் எனக்குப் பெருமையே. இடம் தீர்ந்துபோனால், பொதுவாக எழுதி வைத்திருக்கும் ஒரு வெற்றுச் செய்தியை எடுத்து, கேட்டவன் கையில் கொடுத்து அனுப்பிவிடும். கேட்டவன் வெறுங்கையோடு திரும்ப மாட்டான். எங்கள் தெருக்காரன் எழுதின ஃபங்ஷன் வேறெப்படி இருக்கும்?

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போக நான்கு நாள் இருந்தது. முதல் பன்னிரண்டு பெட்டிகளை, படகுகள் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் கோட்டுச்சேரிமேடு மீனவர் கிராமத்தில் கொடுப்பதாக எங்கள் முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் புதுச்சேரியில் இருந்துகொண்டு போனிலேயே கம்பெனி நடத்துகிறவர். இந்த அம்மா என் உத்தரவை மதிக்காமல் அந்த ஃபங்ஷன் வழியாகவும் தன் சோதனையை ஓட்டினார். பதினாறு மறுப்பு வரை தாங்கியது. பதினேழாவதில் மேஜைமேல் இருந்த பெட்டியின் திரை கோணல்மாணலாகப் போயிற்று. எச்சரிக்கை விளக்கு எரிகிறது, ஊதல் ஊதவில்லை.

"சார், கொஞ்சம் வாங்க."

போய்ப் பார்த்தேன். பொது வெற்றுச் செய்தியைக் கொடுத்தனுப்பும்போது நான் அதன் எண்ணில் ஒன்றைக் கூட்டவே இல்லை. வாங்கினவனுக்கு அது தெரியுமா? வேலை முடிந்ததும் யோக்கியமாக ஒன்றைக் குறைத்துவிட்டான். எண் பூஜ்யம். பொதுச் செய்தி இருந்த இடம் துடைக்கப்பட்டு வேறு எவனுக்கோ போய்விட்டது. பின்னால் வந்த ஊதல்காரன் அங்கே போய்ப் பார்த்தால் வெறும் குப்பை.

என் தப்பு எனக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"இது நடக்கவே நடக்காது மேடம்." கோபம் வந்தால் நான் மேடம் போடுவேன். "மெமரி தீந்துபோனாத்தான இது? மூணு வருஷமா இந்த டேபிள்ல ஓடுது. ஒரு நாள் தீந்திருக்கா?"

"டேபிள்ல பொயல் அடிக்குமா சார்?"

பெட்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"பொயல் அன்னிக்குத்தான் கரையிலேருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு அனுப்புவாங்க. ஒவ்வொரு படகும் பக்கத்துப் படகுக்குத் தள்ளும். பன்னெண்டு பெட்டியும் ஒண்ணுக்கு ஒண்ணு தள்ளுனா எவ்வளவு செய்தி? அன்னிக்குத்தான் ரொம்பும். வேண்டாத நாளெல்லாம் ஊதிட்டு, வேணுங்கற அன்னிக்கு ஊமையாயிடும்."

திருத்துவது எப்படி என்றும் அவரே சொன்னார். இடம் இல்லையென்றால் என் செல்லப் பிள்ளை இல்லை என்று சொல்ல வேண்டும். அதைக் கூப்பிடுகிற இடம் இருபதுக்கு மேல், ஒவ்வொன்றும் அந்தப் பதிலைக் கேட்டு, கையில் இருப்பதை ஒழுங்காகக் கீழே வைத்துவிட்டு வெளியேறக் கற்றுக்கொள்ள வேண்டும். ஊதலுக்கு மட்டும் பெட்டி விழித்துக்கொள்ளும்போதே ஓர் இடத்தை ஒதுக்கிவிட வேண்டும். யார் வந்து கேட்டாலும் அதைத் தரக் கூடாது. எல்லாவற்றுக்கும் ஒரு வாரம் ஆகும்.

சரியாக அந்த நேரத்தில் முதலாளி போன். "என்னப்பா, ரெடிதான?"

"ஆயிடும் சார்" என்றேன்.

போனை வைத்தேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆயிடுமா சார்?"

"பாப்போம்."

"பாப்போம்னா?"

"மேடம், உங்க வேலையைப் பாருங்க!" என்று கத்திவிட்டேன். அதன்பிறகு மூன்று நாள் அவர் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கொடுக்கிற நாள் காலையில் ஆட்டோவில் பன்னிரண்டு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு நானும் அவரும் கோட்டுச்சேரிமேடு போனோம். முதல்நாள் ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தால் அந்த ஊமை ஊதல்தான் கண்ணில் வந்து நின்றது. போகிற வழியெல்லாம் மனசுக்குள் கணக்குப் போட்டேன். இப்போது கொடுத்துவிடலாம், அடுத்த வாரம் ஒவ்வொரு படகாகப் போய்ப் புதுப் புரோகிராமை ஏற்றிவிடலாம், ஒரு வாரத்துக்குள் புயலா வந்துவிடப் போகிறது?

கரையில் கல்யாண வீட்டுக் களை. படகுகளுக்குப் புதுப் பெயின்ட், ஐஸ் லாரி, வலைக் குவியல். ஒரு மேஜை போட்டு, அதன்மேல் புது வேட்டி விரித்து வைத்திருந்தார்கள். பெட்டிகளை அதில் அடுக்கியதும் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் முதல் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். எனக்கு ஒரு துண்டு போர்த்தினார். போர்த்தின துண்டோடு நான் கைகட்டி நின்றேன்.

அப்போது ஓர் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் ஒரே படகில் போகிறவர்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

"தம்பி, இது நல்லா சத்தம் போடும்ல?"

"போடும்மா."

"எஞ்சின் சத்தத்துல கேக்குமா?"

"கேக்கும்."

"இல்ல, எதுக்குக் கேக்குறேன்னா, இது இருக்குற தைரியத்துலதான் இந்தத் தடவை ஆழத்துக்குப் போயி ரெண்டு நாளு கூடத் தங்குறேங்குறாங்க. போன வருசமெல்லாம் மேகம் கட்டுனாலே திரும்பிடுவாங்க. நீங்க சொன்னாச் சரி. போவலாம்ல?"

இந்தப் பெட்டி இல்லாவிட்டால் மேகத்தைப் பார்த்துத் திரும்புகிறவர்கள். என் பெட்டியை நம்பித்தான் திரும்பாமல் இருக்கப் போகிறார்கள். பக்கவாட்டில் பார்த்தேன். எங்கள் கம்பெனி அம்மா ஓரடி முன்னால் வந்து வாயைத் திறந்தார்.

"இல்லங்க" என்றேன் நான்.

தலைவர் திரும்பினார். "என்னாது?"

"இல்லங்க. இன்னிக்குக் குடுக்க முடியாது. பெட்டியில ஒரு தப்பு இருக்கு. செய்தி ரொம்ப வந்துச்சுன்னா ஊதாது. இதை நம்பி ஆழத்துக்குப் போகாதீங்க."

சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை, ஆனால் தலைவர் என்மேல் எரிந்து விழுந்தார். "ஏன் தம்பி, சந்தனம் வச்சப்புறமா சொல்லுவ? நேத்து ஒரு போன் போட்டு இல்லன்னு சொல்லியிருந்தா நாங்க ஏன் இதெல்லாம் பண்றோம்?" என்று பத்து நிமிஷம் பிடி பிடியென்று பிடித்தார். எல்லாம் நியாயமான கேள்வி. கடைசியில், "எத்தினி நாளு ஆவும்?" என்றார்.

"ஒரு வாரம். எட்டாம் நாள் காலையில கொண்டு வர்றேன்."

"அப்ப அதுவரைக்கும் கிட்டக்கவே தொழில் பாத்துக்குறோம். அவ்வளவுதான? இதைச் சொல்றதுக்கு ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?" என்று அவர் போர்த்தின துண்டாலேயே என் முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார். (எட்டாம் நாள் கொடுத்தோம். அதற்குள் அந்த அம்மா மறுப்புச் சோதனையை ஒன்று விடாமல் முழுதும் ஓட்டி, ஒவ்வொன்றிலும் ஊதல் ஊதியதைத் தன் காதால் கேட்டுவிட்டுத்தான் பெட்டியை மூடினார்.)

பெட்டிகளைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே முதலாளி போன். கரையிலிருந்து எவனோ அதற்குள் தகவல் சொல்லிவிட்டான்.

"யாருய்யா குடுக்க வேணாம்னு சொன்னது?" போனைக் காதில் வைக்கவே தேவையில்லாத சத்தம். "அந்தப் பொண்ணுதான? எல்லாத்துக்கும் இல்லங்குமே, அதுதான?"

அந்த அம்மாவுக்கும் கேட்டது. என்னைப் பார்த்து, ஆமாம் என்று சொல்லுங்கள் என்பதுபோல் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு பதற்றம் இல்லை. சிரிக்கக்கூடச் செய்தார். ஒரு வார்த்தை. ஆமாம் சார் என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும், நான் தப்பித்துக்கொள்ளலாம். சொல்ல வாய் வந்தது, பொய் சொல்வானேன்.

"நான்தான் சார். அந்த ஃபங்ஷன் நான் எழுதுனது. தப்பு என்னோடது. அவங்க கண்டுபுடிச்சாங்க, மூணு நாள் முன்னாடியே சொன்னாங்க. நான்தான் ஒங்ககிட்ட மறைச்சேன்."

அப்புறம் வந்த வசவை இங்கே எழுத முடியாது. ஒரு வாரம் கெடு, அதற்குமேல் ஒருநாள் ஆனாலும் நான் வீட்டுக்குப் போகலாம் என்பது அதன் சாரம்.

ஆட்டோ கிளம்பியது. ஆளுக்கு இரண்டு பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஏதாவது பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பாராட்டவில்லை. கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து, கிழிக்கப் போனார்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல சார். இனிமே தேவையில்ல."

பிடுங்காத குறையாக வாங்கிப் பிரித்தேன். அவருடைய குண்டு குண்டு எழுத்து. முந்தின நாளே முதலாளிக்கு எழுதி, கொடுக்கிற நாளின் தேதி போட்டு வைத்த ராஜினாமாக் கடிதம்.

"பெட்டிகளைக் கொடுக்க வேண்டாம் என்று கரையில் சொன்னது நான்தான். முழுப் பொறுப்பும் என்னுடையது. இன்றோடு வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். என் கையில் இருப்பவை: ஆபீஸ் சாவி, மேஜையின் இடது டிராயரில். சோதனைப் புரோகிராம் எப்படி ஓட்டுவது என்று எழுதிய நோட்டு, அதன் அடியில். திருத்த வேண்டிய இடங்களின் பட்டியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில், அதைச் சாரிடம் கொடுத்தால் புரிந்துகொள்வார். சார் உங்களிடம் என் பெயரைச் சொல்லியிருப்பார். அதற்காக அவரை யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை."

இரண்டு முறை படித்தேன். மடியில் இருந்த பெட்டி ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் முட்டியில் இடித்தது. நான் செய்யாத துரோகத்துக்கு எனக்கு மன்னிப்பு வழங்கி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறார். அவமானமாக இருந்தது. அழுகையாகவும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"என்னை அவ்வளவு மட்டமாவா நெனச்சீங்க?"

"மட்டமால்லாம் இல்ல சார்." ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னார். "மூணு நாளா பஸ்ல வரும்போது மனசுக்குள்ளயே ஓட்டிப் பாத்தேன். நீங்க தலைவர்கிட்ட பேசுற மாதிரி ஒரு தடவை, மொதலாளிகிட்ட பேசுற மாதிரி ஒரு தடவை. எப்படி மாத்தி மாத்தி ஓட்டுனாலும் நீங்க என் பேரைத்தான் சொன்னீங்க. நான் என்ன பண்றது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"குடுங்க சார், கிழிச்சிப் போட்டுடறேன்" என்று அந்த அம்மா கையை நீட்டினார்.

கடிதத்தை நாலாக மடித்து என் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"இல்ல" என்றேன். "தரமாட்டேன்."

இதை அவர் எந்தப் பஸ்ஸிலும் ஓட்டிப் பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது. வழியில் கோட்டுச்சேரி வருகிறவரை, நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.